நானூறு பேருக்குத் தண்ணீர்

தாளைப் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து இழுத்த சுருள் அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசற்கதவில் போய் முட்டியது. அப்போதும் மகளின் கையில் ஒரு முழம் மீதி இருந்தது.

"முழுசா விரிஞ்சிடுச்சா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். குரல் என்று சொல்ல முடியாது, வெறும் காற்றுதான்.

"கதவு இடிக்குதுப்பா."

"அப்ப கதவத் திற. இதக்கூடவா நான் சொல்லணும், டீச்சரம்மா?"

காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்றபடியே "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லப்பட்ட மனிதரோ கிண்டல் செய்துகொண்டு கிடந்தார்.

அப்பா குழாய் வேலைக்காரர். தெருவில் அவருக்கு 'இன்ச்' என்று பெயர். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் இத்தனை இன்ச் இருக்கும் என்பார். அவருக்கு உயிர், மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே தொலைக்காட்சியில் ஓடிய ஒரு விண்வெளிக் கப்பல் தொடர். நானூறு பேர் ஏறிய கப்பல், திரும்பி வராத பயணம். எல்லாம் அட்டைதான், ஐயா. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். ராட்சதப் பூச்சியின் முதுகில் ஜிப் தெரியும். ஆனால் ஒவ்வொரு வாரமும் கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் மூடியைத் தூக்குவான். வெளியே ஒரு புதுக் கிரகம் மெல்ல எழும். இசைகூட நின்றுவிடும். நூறு தடவை பார்த்த மனுஷன், ஒவ்வொரு தடவையும் "அடேங்கப்பா" என்று காலை மடக்கி உட்காருவார். அவள் வகுப்புப் பிள்ளைகள் இப்போது போனில் அதே காட்சியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வாயைப் பிளக்கிறார்கள். ஜிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் ஆகிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு ஒரே குறை. "நானூறு பேரு இருக்காங்க. ஒரு குழாயாவது காட்டினானா? எங்க குளிப்பாங்க, எங்க போவாங்க?" அந்தக் கவலையில்தான் அவர் பென்சிலை எடுத்துக் கப்பலுக்குக் குழாய் வரைய ஆரம்பித்தார்.

பதினாறு வயதில் அவள் அந்தப் படத்தைத் தோழிகளுக்கு எடுத்துக் காட்டினாள். "எங்கப்பா வானத்துக்குக் குழாய் போடறாரு, பாருங்கடி!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும்தான். திரும்பினால், தம்ளர் தட்டோடு அப்பா நின்றிருந்தார். தட்டை வைத்தார், தாளைச் சுருட்டினார், போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை அன்றே தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை. அவர் விட்டுவிட்டார், தான்தான் விடவைத்தோம் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தும் அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று அவராகவே "கட்டிலுக்கடியில ஒரு சுருள் இருக்கும், எடு" என்றார்.

முழங்காலில் தவழ்ந்து அவள் கப்பலுக்குள் போனாள். தாளோடு தாள் ஒட்டி, அறைக்கு அறை, தளத்துக்குத் தளம் வரைந்திருந்தார். பச்சைத்தண்ணீருக்கும் சுடுதண்ணீருக்கும் தனித்தனிக் கோடு. மூன்றாவது வருஷத்தில் கப்பலிலேயே பிறந்த குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சின்னக் குழாய். கால் போன மெக்கானிக்குக் கைப்பிடி வைத்த குளியலறை. ஒரே ஒரு வாரம் வந்த ஆளைக்கூட அப்பா விட்டுவைக்கவில்லை. இத்தனை பேரையும் இந்த மனுஷன் யாருக்கும் தெரியாமல் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

"அப்பா, கப்பல உடைக்கப் பார்த்தவன் ஜெயில்ல இருக்கானே, அவனுக்குமா சுடுதண்ணி?"

"அவனுக்கும் குளிரும்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே கேட்டுவிட்டாள். "அன்னிக்குச் சிரிச்சேனேப்பா. இதே தாளப் பாத்து. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு அதுல கழிவுக் குழாயே இல்ல. சிரிக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு, "கடைசித் தளத்துக்குப் போ. ஒரு சின்ன ரூம் இருக்கும்."

இருந்தது. அதைச் சுற்றி மட்டும் ஒரு கோடும் இல்லை. அழித்து அழித்துத் தாளே மெலிந்து போயிருந்தது.

"செத்தவங்கள அங்கேர்ந்துதான் வெளிய விடுவாங்க" என்றார். "ஒரு ஆளுக்குள்ள நாப்பது லிட்டர் தண்ணி இருக்கு. மழையில்லாத இடம். ஒவ்வொரு ஆளா விட்டா, தொட்டி வத்திடும். தண்ணிய எடுத்து வெச்சுக்கிட்டா கப்பல் பிழைக்கும். ஆனா மத்தவங்க அவங்களத்தான் குடிக்கணும். எனக்கு மனசு வரல. போடுவேன், அழிப்பேன்." பேசி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. "நீ சொல்லும்மா. என்ன செய்யலாம்?"

இவர் கப்பலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அறைக்கு அப்பால் தாள் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

"உள்ளயே இருக்கட்டும்பா. எதுக்கு அந்த இருட்டுல தனியாப் போகணும்? குழந்தை குடிக்கட்டும், ஜெயில்ல இருக்கறவன் குளிக்கட்டும். சுத்திச் சுத்தி வரட்டும்."

அப்பா கூரையைப் பார்த்தார். ஜன்னல் மூடி திறக்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"அடேங்கப்பா" என்றார்.

அவள் பென்சிலை எடுத்தாள். "எத்தன இன்ச் குழாய்ப்பா?"

"முக்கால் போதும். கோணாமப் போடு."

அறையிலிருந்து பெரிய தொட்டி வரைக்கும் கோடு நீளம். வழியில் கப்பலின் சமையற்கட்டையும் படிப்பறையையும் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அடிமட்டத்தை நகர்த்தி நகர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, "சேர்ந்துடுச்சுப்பா, பாருங்க" என்று திரும்பினாள்.

பார்க்க அவர் இல்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை ஓடிவந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்தாள். "என்னடி இது, வீடு பூரா? ஊரே வரப்போகுது. சுருட்டி வை. சாகற வரைக்கும் அவனுக்கு இந்தப் பைத்தியம் விடலன்னு சிரிக்கப் போறாங்க."

"விரிச்சே இருக்கட்டும் அத்தை. எல்லாரும் பாக்கட்டும்."

"மிதிச்சுடுவாங்கடி."

"மிதிக்க மாட்டாங்க."

மிதிக்கவில்லை. வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள், அப்புறம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அப்பாவிடம் போனார்கள். போகும்போது குனிந்து பார்த்தபடியே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "கேப்டன் ரூம் எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் காட்டினாள்.

அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்த வெல்டர் வந்தார். தூண் மாதிரி ஆள். இரண்டடி வைத்தவர் பொத்தென்று முழங்காலிட்டார். விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு, வழி விசாரிப்பவர் போலக் கப்பல் முழுக்கப் போனார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. கடைசித் தளத்தில் விரல் நின்றது.

"இது மட்டும் அவன் கையில்லயே."

"நான் போட்டது மாமா. இறந்தவங்க தண்ணி தொட்டிக்குப் போறதுக்கு."

வெல்டர் கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"இங்க ஒரு வால்வு வேணும்மா" என்றார். "போனது திரும்பி வந்துடக்கூடாது."

எழுந்திருக்காமலேயே பென்சிலுக்குக் கை நீட்டினார். அவர் வரைந்து முடிக்கிறவரை, பின்னால் வந்தவர்கள் படியிலேயே காத்து நின்றார்கள்.