பேட்டரிக்குச் சுடுதண்ணீர்

...பூத்துத்தான் கிடந்தது, பேட்டரியின் இரண்டு முனையிலும், பச்சையும் வெள்ளையுமாக, ஈயமே தெரியாமல், மூன்று ஞாயிறாகக் கழுவிக் கிரீஸ் பூசாமல் விட்டால் கந்தப்பளைப் பனியில் வேறென்ன ஆகும், பதினான்கு வருடமாகத் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற செல்லசாமிக்குத் தெரியாதா... தெரிந்துதானே விட்டான். நேற்று மாலையே லொறி முனகியது, இன்று எழும்பாது, கைப்பிடி போட்டுச் சுற்றலாம் என்பான் மச்சான் மூக்கன், அதைச் சாக்குக்கு அடியில் ஒளித்தாயிற்று, தள்ளலாம் என்பார்கள், மேட்டைப் பார்த்து நிறுத்தியாயிற்று. நானுஓயாவில் ரயில் தவறினால் தலைமன்னாரில் கப்பல் தவறும், தவறினால்? தங்கச்சி அம்மாக்கண்ணு இன்னும் ஒரு நாள் இருப்பாள், அப்புறம்? இந்தியாவுக்கே போய்விடலாம் என்று புருஷன் மூக்கன் சொன்ன நாளிலிருந்து அவள் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவன் டயரைப் பார்த்தான், ரேடியேட்டரைப் பார்த்தான், போகாதே என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை, அவளையும் விட்டால் இந்த லயத்து வீட்டு வரிசையில் இவனுக்கென்று யார் இருக்கிறார்கள், நினைக்கவே பயமாக இருந்தது...

பெட்டிகளை ஏற்றியாயிற்று, மூக்கனும் பின்னால் ஒரு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தாயிற்று, அப்போது பார்த்து அவள் கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவருகிறாள், ஞாயிறு தவறாமல் கொண்டுவருவது போலவே, வேண்டாம் என்று இவன் மூன்று வாரம் திருப்பி அனுப்பிய அதே கேத்தல்.

“என்னாண்ணே இப்பிடிப் பூத்துக் கெடக்கு?” என்றாள். பேட்டரியைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். “ஊத்தவாண்ணே?”

கேத்தலைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள், ஆவி போய்க்கொண்டிருந்தது, மேலேயிருந்து மூக்கன் நேரமாச்சு என்றான், சொல்லடா செல்லசாமி, இப்போதாவது சொல்லு...

“ஊத்து.”

நுரைத்துக்கொண்டு கரைந்து ஓடியது அத்தனையும், ஈயம் பளிச்சென்று தெரிந்தது, பிறகு கை சும்மா இருக்குமா, சாக்கால் துடைத்தது, வயர்ப் பிடியை இறுக்கியது, இரண்டு விரலில் கிரீஸ் எடுத்து வழித்துப் பூசியது, பாழாய்ப்போன கை. ஸ்டார்ட்டரை மிதித்தான், ஒரே மிதியில் எழும்பிவிட்டது.

“கேத்தல நீங்களே வச்சுக்கங்கண்ணே,” என்று அவள் முன்சீட்டில் ஏறி அதை இருவருக்கும் நடுவில் வைத்தாள், அவ்வளவுதான், வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் கேத்தல் உருண்டு இவன் பக்கம் வந்தது, இவன் தள்ளிவைத்தான், திரும்பவும் வந்தது... இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது கேட்டுவிட்டா ஊற்றியிருக்கிறாள், வருவாள், ஊற்றுவாள், போவாள், இன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாள்? பக்கத்தில்தான் இருக்கிறாள், கேட்கலாம், நானுஓயாவுக்கு இன்னும் நாலு மைல் இருந்தது.