தவசி கொண்டுவந்த ஆடம்பர வரி

டிங் என்று மணி அடித்தது. அடித்தது தன் விரல்தான் என்பது தவசிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. பொண்ணு மாப்பிள்ளை உட்கார வேண்டிய மேடையில் மைக்கும் வெள்ளைப் பலகையும் இருந்தன. ஊரில் ஆறு பேர், பெரும்பாலும் ஏலக்காய் வியாபாரிகள், ஆளுக்கொரு கிரிக்கெட் அணி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துவார்கள். அதற்கான ஆட்டக்காரர் ஏலம் அன்று. ஆறு முதலாளிக்கு ஆறு மேசை. மேசைக்கு ஒரு மணி, லாட்ஜ் வரவேற்பில் தலையில் தட்டினால் அடிக்குமே, அந்த மாதிரி. ஒரு தட்டுக்கு ஆயிரம் ரூபாய் ஏறும்.

மேடையில் நின்றுகொண்டிருந்தவன் மனோஜ். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறையில் ஜீப்பு மெக்கானிக். பந்தை அடித்தான் என்றால் அது தேயிலைக்குள் போய் விழும், யாரும் தேடப் போகமாட்டார்கள். அவனை வாங்குவதாகத் தவசிக்கு உத்தேசமே கிடையாது. எதிர் மேசையில் இருந்த காமராஜ் தலையில் அவனைக் கட்டுவதுதான் திட்டம். காமராஜ் டிங் என்றால் இவர் டிங். இப்படியே ஏற்றிக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் கையை எடுத்துக்கொண்டு, காமராஜ் பணத்தை விட்டுவிட்டு முழிப்பதைப் பார்த்து ரசிக்க வேண்டும்.

ஆனால் விரலுக்கு அந்தத் திட்டத்தை யாரும் சொல்லவில்லை. இருபது வருஷமாக ஏலக்காய் ஏலத்தில் காமராஜ் ஒரு ரூபாய் ஏற்றினால் தானும் ஒரு ரூபாய் ஏற்றிப் பழகிய விரல் அது. இங்கே தட்டினால் ஏறுவது ஒரு ரூபாய் அல்ல, ஆயிரம் என்பதும் அதற்குத் தெரியாது. தவசி நிறுத்தலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் அது தட்டிவிட்டது. காமராஜ் நிதானமாகத் தன் கையை மணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்பத்தெட்டாயிரம் ஒரு தரம்..."

காமராஜ் மண்டபத்து முறுக்கை ஒன்று எடுத்துக் கடித்தார். "நல்ல பையன் பங்காளி. நல்லா வச்சுக்க."

ஏலக்காயாக இருந்தால் இதில் பெரிய நட்டம் வந்துவிடாது. தலையில் விழுந்த சரக்கை அடுத்த வாரம் ஏலத்திலேயே திரும்பப் போட்டுவிடலாம், போடியில் அது எல்லாரும் செய்கிற காரியம். மனோஜைத் திரும்பப் போட முடியாது. அந்த வருஷம் வாங்கிய ஆளை அந்த வருஷமே விடக்கூடாது என்று விதி இருந்தது. விதியை எழுதியவர் தவசி.

அது மட்டுமா எழுதினார்? போன வருஷம் காமராஜ் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கோப்பையை வாங்கிவிட்டார். அந்த எரிச்சலில் இருந்த தவசி முடிவெட்டும் கடையில் தலையைக் கொடுத்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே முதலாளிகள் ஓர் அளவுக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குச் செலவழித்தால் ஆடம்பர வரி கட்ட வேண்டுமாம். தவசி பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்றுவிட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் இதை விளக்கியபோது காமராஜ் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க பெரிய மொதலாளிக என்ன செய்றாக?"

"சிலபேரு வரியக் கட்டிட்டு வாங்கிக்கிறாக."

"அப்பச் சரி," என்றார் காமராஜ்.

அணிக்கு இரண்டு லட்சம் வரம்பு. தாண்டினால், தாண்டிய அளவுக்கு வரி. அந்தப் பணம் இருப்பதிலேயே குறைவாகச் செலவழித்த அணிக்குப் போகும். வரம்பும் வரியும் அமெரிக்காவைப் பார்த்து எழுதியவை. போடிக்காகத் தவசி சேர்த்த மசாலா ஒன்றும் உண்டு: வரி கட்டும் முதலாளி, தொடக்க நாளில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட, மைதானத்து நடுவில் வந்து, எல்லாரும் பார்க்கக் கொடுக்க வேண்டும். காமராஜ் வெள்ளைச் சட்டை வேர்க்க நடந்து வரும் காட்சியைத் தவசி மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தார். இப்போது அதே காட்சி ஓடியது. சட்டைக்குள் இருந்த ஆள்தான் மாறிப்போயிருந்தார்.

சாயங்காலம் பலகையில் கூட்டல் போட்டார்கள். தவசியின் மலைச்சாரல் அணி முப்பதாயிரம் தாண்டியிருந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. போன வருஷத்திலிருந்து ஏலத்துக்கு விடாமல் வைத்துக்கொண்ட பழைய ஆட்களில் ஒருவரை வியாழக்கிழமைக்குள் விட்டுவிட்டால் அவர் விலை கணக்கிலிருந்து கழியும். தவசி பலகையை மேலிருந்து கீழே படித்தார். முதல் பெயர் அவருடையதுதான். முதலாளியே ஆடினால் தன் விலையைத் தானே சொல்லலாம். காமராஜ் தன்னை முப்பதாயிரம் என்று போட்டுக்கொண்டதால் தவசி தன்னை முப்பத்தைந்தாயிரம் என்று போட்டிருந்தார். அந்த விலைக்குத் தோதாக விலைகூடின பேட் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். அந்தப் பெயரைக் கொஞ்சம் பெருமையோடு தாண்டிக் கீழே வந்தார். அப்புறம் ஐயாயிரத்துக்கு இரண்டு பொடியன்கள், அவர்களை விட்டாலும் காணாது. மிஞ்சியது சின்னமுத்து. இடதுகைப் பந்துவீச்சு, முப்பதாயிரம்.

கணக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் தவசிக்குப் பிடிக்கவில்லை.

சின்னமுத்து வேறு யாரோ இல்லை. போடிமெட்டுப் பாதையில் சொந்த ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார், மத்தியானம் தவசிக்கு ஏலக்காய் லோடு இறக்குவார். அணிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே பந்து போடுகிறவர். இன்றைக்கும் கடைசி ஓவரை அவர் கையில் கொடுத்துவிட்டால் தவசி நகம் கடிக்கமாட்டார். சின்னமுத்து சம்பந்தப்படாத ஒரே ஒரு தோல்வியைக்கூட அவர் அனுபவித்ததில்லை. வெற்றியும் அப்படித்தான், அவை எண்ணிக்கையில் கொஞ்சம் குறைவு.

வீட்டில் மனைவி சூர்யகலா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அதுவே தவசிக்குக் கலக்கமாக இருந்தது.

"வரியக் கட்டணும்னா கட்டுங்க. கடைக் கல்லால கை வைக்கக் கூடாது. உங்க புல்லட்ட வித்துக் கட்டுங்க."

"புல்லட்ட விக்கவா? பேசாம ஒரு ஆள விட்டுர வேண்டியதுதான். யார விடலாம்கிற?"

சூர்யகலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "எனக்கென்ன கிரிக்கெட்டு தெரியும்? குக்கரு விசிலடிக்கிது," என்று உள்ளே போய்விட்டாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

திங்கட்கிழமை ராசிங்காபுரத்திலிருந்து சோலை கடைக்கே வந்துவிட்டார். குறைவாகச் செலவழித்த அணி அவருடையது. தோட்டத்து ஆட்களையும் தம்பிமார்களையும் அடிப்படை விலைக்கு எடுத்து நடத்துகிறவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணே, உடம்பு எப்படி இருக்கு? ராத்திரி தூக்கமெல்லாம் வருதா?"

"எனக்கென்னப்பா? யார விடலாம்னுதான் ஒரே யோசனை."

"யாரையும் விடாதீக!" சோலை பதறிப்போனார். "வச்சுக்கங்கண்ணே. எல்லாரையும் வச்சுக்கங்க. நம்ம பயலுக பயிற்சிக்குக் கல்லு மண்ணுலயே கெடந்து உருளுறானுக. அந்த வரிப் பணத்துல பிச்சுல விரிக்க ஒரு மேட்டு வாங்கிப் போட்டா ஒங்க பேரச் சொல்லி வெளையாடுவானுக."

தவசிக்கு அந்த மேட்டு கண்ணுக்குள் விரிந்தது. பச்சைக் கலர். சுருக்கென்று ஏதோ தைத்தது. பழத்தை உரித்துத் தின்றார். நல்ல பழம், அதனால் இன்னும் கொஞ்சம் தைத்தது.

செவ்வாய்க்கிழமை மனோஜ் சட்டை அளவு கொடுக்க வந்தான். ஊருக்குப் புதுசு, தாட்சண்யம் பார்க்கமாட்டான் என்று தவசி அவனையும் கேட்டார். மனோஜ் சுவரில் ஒட்டியிருந்த அணிப் பட்டியலைப் பார்த்தான். தவசியைப் பார்த்தான். மறுபடியும் பட்டியலைப் பார்த்தான்.

"என்னடா? சொல்லு."

"ஒண்ணும் இல்ல சேட்டா. அது சேட்டன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா ஒன்ன எதுக்குடா கேக்குறேன்?"

"சட்டை நாப்பது சைசு மதி, அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

தவசிக்கு ஒன்று விளங்கவில்லை. ஏலக்காயைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். பச்சை பத்தாது, ஓடு வெடிச்சிருக்கு, பூச்சி அரிச்சிருக்கு. மனுஷனைப் பற்றிக் கேட்டால் ஊரே மென்று முழுங்குகிறது.

புதன்கிழமை சரக்குப் பார்க்கப் பூப்பாறைக்குப் போக வேண்டியிருந்தது. சின்னமுத்துவின் ஜீப்புதான். அடிவாரத்து முந்தல் தாண்டி மலையில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஏறின பிறகு, பெய்யாத மழையைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் தீர்ந்துபோனது.

"என்ன மாப்ளே, பேச்சக் காணோம்?" என்றார் சின்னமுத்து.

"ஒண்ணுமில்ல மாப்ளே. வெரசாப் போ, சோலி கெடக்கு."

"கொண்ட ஊசி வளவுல வெரசாப் போனா சோலியே இருக்காது."

வெயில் பட்ட சரிவில் ஒரு குரங்குக் குடும்பம் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் கமிட்டிக்காரர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே போடி சிறுசாகிக்கொண்டே போனது. தவசிக்குத் தண்ணீர் தவித்தது. பாட்டில் இருக்குமே என்று முன்பெட்டியைத் திறந்தார்.

தண்ணீர் இருந்தது. அதன் பக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலமும் இருந்தது. ஒரு முனை பிரிந்து பச்சைத் துணி தெரிந்தது. அணிச் சட்டை. முதுகில் சின்னமுத்து என்று அச்சடித்த சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியது மாதிரி மடித்திருந்தது.

"இது என்ன மாப்ளே?"

சின்னமுத்து சாலையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "நாளைக்குத் தரலாம்னு வச்சிருந்தேன். மனோஜுக்குச் சட்டை தைக்கக் குடுத்திருக்கியாம்ல. அந்தச் செலவாச்சும் மிஞ்சட்டும். அவனுக்கும் நாப்பதுதான். பேர மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்."

"நான் ஒன்னயப் போகச் சொன்னேனா?"

"நீ எங்க சொன்ன? மூணு நாளா ஊரு பூராம் கேட்டுக்கிட்டுத் திரியிற. என்னய மட்டும் கேக்கல. பெறகு எனக்குத் தெரியாதா?"

தவசி பாட்டிலைத் திறந்து குடித்தார். வளைவில் ஜீப்பு ஆடியதில் பாதித் தண்ணீர் சட்டைக்குள் போனது. துடைக்கக் கையில் இருந்தது அந்தப் பச்சைச் சட்டைதான். அதைத் தொடாமல் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். காமராஜை மாட்டிவிட விதி எழுதியது, மணியைத் தட்டியது, இத்தனைக்கும் நடுவில் இந்த ஆள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். புல்லட்டை விற்றுவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் தவசிக்கு நிஜமாகவே தோன்றியது. மைதானத்து நடுவில் நடந்து போவதும்கூட அவ்வளவு தூரமில்லை என்று தோன்றியது.

"நிறுத்து மாப்ளே."

"வளவுல எங்கிட்டு நிறுத்த?"

அடுத்த வளைவு தாண்டி, தண்ணீர் ஒழுகும் பாறையை ஒட்டி ஜீப்பு நின்றது. இன்ஜின் அணைந்ததும் எங்கோ மேலே இன்னொரு ஜீப்பு ஏறும் முனகல் கேட்டது. காற்றில் குளிர் தட்டியது.

"நீ போகக் கூடாது. புல்லட்ட விக்கப் போறேன்," என்றார் தவசி.

"புல்லட்ட எதுக்கு விக்கணும்?"

"வேற வழி? மனோஜ விட முடியாது. பொடியனுகள விட்டாலும் பத்தாது. நீயும் போகக் கூடாது. நானும் மூணு நாளாக் கேக்குறேன், ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டேங்குறான். எம் பொண்டாட்டி இல்லாத குக்கருக்கு விசில் வைக்கிறா. சோலை வாழப்பழம் குடுத்து மேட்டுக் கேக்குறாரு. நீயாச்சும் சொல்லித் தொலை. இந்த டீம்ல யாரத் தூக்கினா சரியா வரும்?"

சின்னமுத்து ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சற்று நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"நெசமாக் கேக்குறியா?"

"நெசமா."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"கோவிச்சுக்கிட்டாலும் எறங்கி நடக்கக் கூடாது. இன்னும் எட்டு வளவு இருக்கு."

"சொல்லுடா!"

சின்னமுத்து முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்னத்தான் மாப்ளே."

பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயா போட்டுக்கிட்ட முப்பத்தஞ்சாயிரம் போச்சுன்னா வரியும் போச்சு. மனோஜும் இருப்பான், நானும் இருப்பேன். ஒன்னய யாரும் வெளிய போகச் சொல்லல, ஒரு நாக்காலியப் போட்டு மொதலாளியா உக்காந்து பாரு. ஓப்பனிங் எறங்கி ரெண்டாவது பந்துல அவுட்டாகிட்டு வர்றப்பயெல்லாம் வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு, பந்து சரியில்லன்னு நாங்கதான் சொல்வோம். வெயிலும் நல்லாத்தான் இருந்துச்சு, பந்தும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒனக்கு ஆட வராது மாப்ளே. ஒரு நாளும் வந்ததில்ல. அந்த வெலகூடின பேட்ட வித்தீன்னா, சோலைக்கு மேட்டும் வாங்கிப் போட்டுரலாம்."