மாமியார் போட்ட வட்டம்

இரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கூடத்தின் தலைவி அவர். தன் அறிக்கை ஒன்று திரும்பி வந்ததே அவருக்குப் பெரிய அவமானம். திருப்பி அனுப்பியது மருமகள் என்றதும் காது மடல் சிவந்துவிட்டது. அதே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அவள்.

நோயாளி ஒரு தையற்காரர். வெள்ளையணுக்களில் மெதுவாக வளரும் புற்று. அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு நிறைய இருந்தால் நோய் சீக்கிரம் முற்றும். இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லாமல் பல வருஷம் ஓட்டலாம். நிறைய இருக்கிறது என்று மாமியார் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற சோதனைகள் இழுபறியாக இருந்ததால், கடுமையான சிகிச்சையைத் தொடங்குவதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்க வேண்டும்.

"அத்தை, அவரைத் தொட்டுப் பார்த்தா நோய் அவ்வளவு வேகமாப் போற மாதிரி தெரியல. ரத்தம் வேற லேட்டா வந்திருக்கு. செத்த செல்லும் கணக்குல சேர்ந்திருக்குமோன்னு சந்தேகம்" என்று மருமகள் போனில் சொன்னாள்.

நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று மாமியார் கொதித்தார். அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மகன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நழுவினான்.

மறுநாள், மருமகளின் மூக்கை உடைப்பதற்காகவே சோதனையைத் திரையில் திறந்தார். ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. அந்த மூலக்கூறு இருக்கும் செல்லில் மட்டும் சாயம் ஒட்ட வேண்டும். எண்ண வேண்டிய புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட வேண்டும். செத்த செல்லுக்கு வெட்கம் கிடையாது, எந்தச் சாயத்தைக் கொடுத்தாலும் அப்பிக்கொள்ளும். ஆகவே அவற்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் எண்ணுவார்கள். மாமியாரின் வட்டமோ செத்ததையும் வாரி அணைத்துக்கொண்டு தாராளமாகக் கிடந்தது.

புதிதாக இரத்தம் எடுக்கச் சொல்லி, செத்ததைக் காட்டிக்கொடுக்கும் சாயமும் சேர்த்து, தானே உட்கார்ந்து செய்தார். அந்த மூலக்கூறு மருந்துக்குக்கூட இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இந்தக் குடத்திலிருந்து கொட்டியிருக்கக்கூடியது ஒரு மனிதரின் நல்ல காலம்.

டாக்டர்கள் கூட்டத்தில், இரண்டு அறிக்கைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேள்வி வந்தது. மருமகள் முந்திக்கொண்டு, இரத்தம் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று மாமியாரைக் காப்பாற்றப் பார்த்தாள். மாமியார் விடவில்லை. தாமதமாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், செய்யவில்லை, வட்டம் நான் போட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும்போது, ஏனோ, தலை குனியவே இல்லை.

தையற்காரருக்கு இப்போது சிகிச்சை வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று முடிவானது. வெளியே பெஞ்சில் இருந்த அவரிடம் இருவருமாகவே போய்ச் சொன்னார்கள். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவருக்கும் மாறி மாறி நன்றி சொன்னார்.

"எனக்குச் சொல்லாதீங்க" என்றார் மாமியார். மருமகளின் தோளைப் பிடித்துப் பெருமையோடு முன்னே நிறுத்தினார். "நான் கையெழுத்துப் போட்ட பிறகும் அதை நம்பாம, உங்களைத் தொட்டுப் பார்த்து நம்பினது என் மருமக."