பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம்

வேலை போய் ஏழு மாதமாக வீட்டில் சும்மா கிடக்கிற மனுஷனுக்குக் கை பரபரக்காமல் என்ன செய்யும்? மனைவியின் கம்ப்யூட்டரில் கை வைத்தார். அதுவும் கிழடுதான். பொத்தானை அமுக்கிவிட்டு அவள் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் அது கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். எம்பிராய்டரி மெஷின்காரர்களுக்கு அவள் டிசைன் போட்டுக் கொடுப்பது அதில்தான். பதினோரு வருட டிசைன்கள். இப்போது வீட்டில் அடுப்பு எரிவதே அவற்றால்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து மதர்போர்டு, புராசஸர், ராம் எல்லாவற்றையும் மாற்றினார். பழைய டிஸ்க்கை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்தார். மறுநாள் காலை பொத்தானை அமுக்கினால், அடேயப்பா, கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது! நான் ஒன்றும் தண்டச்சோறு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிவிட்டுப் போகட்டும், அதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

அவள் வந்து டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தாள். பூட்டுப் படம் போட்ட ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடியும் பூட்டு. எழுந்து கம்ப்யூட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க ஒரு கட்டை செருகியிருந்துச்சே, பழுப்பு கலர்ல? எங்க அது?"

"அதுவா? ஒயரே இல்லாம சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. புது போர்டுல அதுக்கு இடமும் இல்ல. தூசி போகாம இருக்கப் போட்ட மூடியாக்கும்னு..."

"எங்கன்னு கேட்டேன்."

"பழைய போர்டோட சேத்துக் குப்பையில போட்டுட்டேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைக்கு ஓடினார். தொட்டி துடைத்துவிட்டாற்போல் காலி. லாரி ஆறு மணிக்கே வந்து போய்விட்டதாகப் பால் கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவள் போனில் பேசி முடித்திருந்தாள். அந்தக் கட்டைதான் சாஃப்ட்வேருக்குச் சாவி. விற்ற கம்பெனியை மூடி நாலு வருடமாகிறது. சாவி இல்லாமல் ஒரு டிசைனும் திறக்காது. சனிக்கிழமை பள்ளிக்கூடச் சின்னம் கொடுக்க வேண்டிய மெஷின்காரரிடம், "முடியாதுண்ணே" என்று சொல்லியும்விட்டாள். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறாராம்.

பயம் வந்தால் இவருக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ? அது என்ன எழவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கத்தவில்லை. கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

"கையே வைக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க ஸ்க்ரூடிரைவரும் கையுமா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க பாடிக் கேட்டு எத்தனை மாசமாச்சு! பாவமா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன், தங்கை, பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் என்று எல்லோரும்தான் அவரைப் பாவம் பார்த்தார்கள். இவள் ஒருத்தி பார்க்கவில்லை என்ற தைரியத்தில்தான் அவர் இத்தனை நாள் வீட்டுக்குள் நிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தார்.