வானவில் மீனுக்கு ஒதுக்கிய அறை

சென்னை கொளத்தூரில் கலர் மீன் கடை வைத்திருக்கும் அய்யனார் அந்த மீனின் வீடியோவை அனுப்பியபோது செவ்வந்தி மாட்டுக்குத் தீவனம் கரைத்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனைப் பார்த்தாள். விரல் நீள மீன். தலைப்பக்கம் மயில்கழுத்து நீலம், வால்பக்கம் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. பாப்புவாப் பக்கம் மலைமேல் இருக்கும் ஏதோ ஓர் ஏரியில் மட்டும் வாழும் வானவில் மீன் வகையாம். மாடு தானாகவே வாளியை இழுத்துக் குடிக்கத் தொடங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அய்யனார் உடனே கூப்பிட்டான். "இது இந்தியாவுக்கே இன்னும் வரலக்கா. நம்மகிட்ட ஆள் இருக்குது. வேற மீன் பேரப் போட்டு ஒரு பொட்டி எறக்கிடலாம். நீங்க குஞ்சு எடுத்துக் குடுங்க, போதும்."

செவ்வந்தி சரியென்று சொல்லவில்லை. நைனார்பாளையத்தில், வீட்டுக்குப் பின்னால், மக்காச்சோளக் காட்டின் ஓரமாகச் சிமெண்ட் தொட்டி கட்டிக் கலர் மீன் வளர்ப்பவள் அவள். கப்பி, மோலி, சண்டை மீன் என்று குஞ்சு எடுத்து, பையில் ஆக்சிஜன் அடைத்து, உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோய் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். கொஞ்ச காலம் முன்பு யாரோ கொடுத்த ஒரு பை புது மீனை, அழகாயிருக்கிறதே என்று அப்படியே தொட்டியில் விட்டாள். வால் நுனியில் வெள்ளையாக நோய் ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் எல்லாத் தொட்டியும் காலி. செத்த மீனை வாளி வாளியாக அள்ளிக் குழியில் கொட்டியபோது, கணவன் இளஞ்செழியன் மண்ணைத் தள்ளி மூடினான். அந்த நாற்றம் இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

"பேர மாத்துற வேலையெல்லாம் வேணாம் தம்பி," என்றாள். "மொறையா கொண்டாற வழி இன்னான்னு கேக்கறேன்."

"மொறையான்னா வருஷக் கணக்கா ஆவும்கா."

"ஆவட்டுமே. ஏரியில இருக்கற மீனு எங்க போயிடப் போவுது."

கள்ளக்குறிச்சியில் மீன்வளத் துறை ஆய்வாளர் நிர்மலா அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எந்தெந்த மீனை நாட்டுக்குள் கொண்டுவரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருந்தால் அனுமதி வாங்குவது ஒரு வேலை. இல்லாத மீனென்றால் அது வேறு வேலை. டெல்லியில் அதற்கென்று இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த மீன் தப்பி ஓடினால் நம் தண்ணீரில் பிழைக்குமா, நம் மீனின் முட்டையைத் தின்னுமா, கூடவே என்ன நோயைக் கூட்டிவரும், எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

"உங்க வூட்டுக்குப் பின்னால ஓடை ஏதாவது இருக்காம்மா?"

"இருக்குதுங்க. கல்வராயன் மலையில மழ பெஞ்சா தண்ணி வரும். மத்த நாள்ல ஆடுதான் மேயும்."

"தண்ணி வர்ற அந்த ஒரு நாள் போதுமே அதுக்கு," என்றாள் நிர்மலா.

இந்த மீன் மலைமேல் ஏரியிலிருந்து வருவதால், கல்வராயன் மலையின் குளிர்ந்த ஓடைகளில் பிழைத்துவிடுமோ என்ற சந்தேகம் பெரிதாக எழுந்தது. மலைமேல் ஓடைகளில் தண்ணீரின் குளிர்ச்சியை அளந்து எழுத வேண்டியிருந்தது. மார்கழியில் ஒரு நாள் நிர்மலா வெள்ளிமலைப் பக்கம் போனபோது, தானும் வருவதாகச் சொல்லி செவ்வந்தி ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தூரத்தில் நீலமாகப் பார்த்த மலை. முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினால் கால் விறைத்தது. கல்லுக்கு அடியில் கறுப்புப் பட்டை போட்ட குட்டி மீன்கள் கூட்டமாக நின்றன. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண், "இத இன்னாத்துக்கும்மா பாக்கறீங்க? கொழம்புக்குக்கூட தேறாது," என்று சிரித்தாள்.

செவ்வந்தி நெடுநேரம் குனிந்து பார்த்தாள். தன் வீட்டு ஓடைத் தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும், இங்கே ஏறி வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாங்குகிறவன் எந்த ஊருக்கு எடுத்துப் போவான், அலுத்துப்போனால் எங்கே கொட்டுவான் என்று யார் கண்டது? டெல்லிக்காரர்கள் கேட்கிற கேள்வியில் அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது.

இரண்டு வருஷ அலைச்சலுக்குப் பின் கடைசியில் அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. திறந்த தொட்டியில் விடக்கூடாது. முதலில் மூடிய அறையில் தனியாக வைத்து நோய் இல்லையென்று தெரிய வேண்டும். அறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் ப்ளீச்சிங் போட்டு, மீனோ முட்டையோ பிழைக்காதபடி செய்துதான் விட வேண்டும். பிறகும் குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்து, வாங்கியவர்களின் விவரத்தைச் சொல்ல வேண்டும்.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிலக்கடலை மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தான் இளஞ்செழியன். வாசற்படியை உயர்த்திக் கட்டினார்கள். ஜன்னலுக்குப் பொடிவலை அடித்தார்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் கால் நனைக்க வாசலில் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் கரைத்த தட்டு. நிர்மலா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "செவ்வந்தியத் தவிர ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. ஒரு கால் பட்டாலும் நோய் உள்ள போச்சுன்னுதான் எழுத வேண்டியிருக்கும். அப்புறம் எல்லா மீனையும் அழிக்கச் சொல்லுவாங்க."

மாமியார் சாலம்மாள் அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினாள். "கொரோனால நம்மள அடச்சி வெச்சாங்க. இப்ப மீன அடைக்கிறாங்க. சரி, அதுங்களும் உயிர்தான்."

சென்னை விமான நிலையத்தில் பரிசோதித்து சீல் வைத்த தெர்மோகோல் பெட்டி ஒரு மத்தியானம் காரில் வந்து இறங்கியது. செவ்வந்தி கதவைச் சாத்திக்கொண்டு, பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீர் பழகியபின் மெதுவாக அவிழ்த்தாள். வெளியே வந்தவை நெத்திலி மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தன. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்கின. பயணக் களைப்பு என்று நினைத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று தானும் இப்படித்தான் ஒரு மூலையில் நின்றிருந்தாள்.

வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. எழுந்து போகலாம் என்று கதவில் கை வைத்தவள், அப்படியே நின்றாள். ஏர் பம்ப் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வேறு சத்தமில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செவ்வந்தி, பருப்பு எங்க வெச்ச?" வெளியே சாலம்மாளின் குரல். காலடி அறைவரைக்கும் வந்தது. பெர்மாங்கனேட் தட்டுக்கு முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. திரும்பிப் போய்விட்டது. சற்றுப் பொறுத்து அடுப்படியில் டப்பாக்கள் திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு குக்கர் விசில் அடித்தது.

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் எந்த அறைக்கும் தாழ் போட்டுப் பழக்கமில்லை. படுக்கிற அறையில் விதை மூட்டை இருக்கும். எடுக்க ஆள் வரும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று வண்டிச் சாவி கேட்பார்கள். அதையெல்லாம் ஒரு குறையாக அவள் நினைத்ததேயில்லை. இப்போது டெல்லியிலிருந்து யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி அனுப்பி, அவளை ஓர் அறைக்குள் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி உள்ளே போட்டுக்கொண்டாள். காலையில் தீவனம் போட்டபின் உட்காருவாள். தலையைப் பின்னிக்கொள்வாள். சில நேரம் ஒன்றுமே செய்யமாட்டாள். பெர்மாங்கனேட் கறையேறிய அவள் பாதத்தைக் காட்டி, "இன்னா, மருதாணியா?" என்று இளஞ்செழியன் கேட்டபோது, "ஆமா, சர்க்கார் வெச்சி வுட்டது," என்றாள்.

ஒரு விடியலில் ஜன்னல் வலை வழியாக முதல் வெளிச்சம் தொட்டியில் விழுந்தபோது, ஆண் மீன் ஒன்று சட்டென்று நிறம் காட்டியது. தலையில் நீலம் ஏறியது, வாலில் சிவப்பு படர்ந்தது, நெற்றியில் ஒரு வெள்ளிக் கோடு மின்னி மின்னி அணைந்தது. பெண் மீன் கண்டுகொள்ளாமல் பாசியைக் கொறித்தது. செவ்வந்தி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட முடியாது என்பதும் நன்றாகவே இருந்தது.

இதற்குள் சேதி பரவிவிட்டது. எலவனாசூர்கோட்டையிலிருந்து சாலம்மாளின் அண்ணன் வீரமுத்து வந்திறங்கினார். குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காபியை வைத்துவிட்டு நேராக அறைக்கு நடந்தார்.

"பெரியப்பா, உள்ள வரக் கூடாதுங்க," என்றாள் செவ்வந்தி, வாசலில் நின்றபடி. "நோய் ஒட்டிக்கும்னு சட்டம்."

"எனக்கு இன்னா நோயி?"

"உங்களுக்கு இல்லைங்க. மீனுக்கு."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கினு இருக்கேன். ஒரு மீனப் பாக்க ஒங்கிட்ட அனுமதி கேக்கணுமா?" அவர் முகம் கறுத்தது. செருப்பைக் கழற்றப் போனார். அவரை எப்படித் தடுப்பது என்று செவ்வந்திக்குத் தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து சாலம்மாள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இது என் வூடு. நானே உள்ள போவல. நீ போயிட்டா அப்புறம் என் மருமவ ரெண்டு வருஷமா அலஞ்சது மொத்தமும் மண்ணு. போனுல படம் எடுத்தாந்து காட்டுவா. பாத்துட்டு சாப்புட வா."

வீரமுத்து தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நகரவில்லை. படத்தைப் பார்த்தார். "தூ, இதுக்கா," என்றார். ஆனால் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். சாப்பாட்டில் குறை வைக்காமல் இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

அன்றிலிருந்து சாலம்மாள் தினமும் முக்காலியோடு வந்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும், "நான் காவலு இருக்கேன், நீயே எடுத்துக்கோ," என்பாள். வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் பம்பு சத்தத்தைக் கேட்டபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாள். இருவரும் கதவுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மீனைத் தனியாக வைக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் நிர்மலா வந்தாள். மீனைச் சோதித்த முடிவு நல்லபடியாக இருந்தது. நோய் எதுவுமில்லை. வாசலிலிருந்த தட்டை எடுத்தார்கள். வீடே திரண்டு வந்து பார்த்தது. இளஞ்செழியன் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. அய்யனார் போனில், "அக்கா, குஞ்சு எப்போ?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

இரண்டு நாளில் கூட்டம் ஓய்ந்தது. அறையில் யாரோ மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாவி கேட்கும் குரல் மறுபடி வந்தது. செவ்வந்தி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கோபமில்லை. ஆனால் சந்தையில் எதையோ வாங்க மறந்தவள்போல ஒரு நினைப்பு கூடவே இருந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் தீவனம் எடுக்கப் போனபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் சாலம்மாள் சாய்ந்திருந்தாள். கண் தொட்டிமேல் இருந்தது.

"சும்மா பாத்துக்கினு இருந்தேன்," என்றாள், பிடிபட்டவள்போல.

"இருங்க அத்த. நான் ஒண்ணும் சொல்லலையே."

சாலம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது மாதிரி வேற மீனு எதுனா கொண்டாறதா இருக்கியா? மறுபடியும் பூட்டி வெக்கணுமா?"

செவ்வந்தி அவளை உற்றுப் பார்த்தாள். முந்தின நாள்தான் நிர்மலாவுக்குப் போன் செய்து, அதே ஏரியில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு வகை இருக்கிறதாமே என்று கேட்டிருந்தாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "கேட்டிருக்கேன் அத்த. நாளாவும்."

"ஆவட்டும். அந்த உள்ள போற ஆளு பேரு எழுதுவாங்களே, என் பேரயும் சேத்துக் குடேன். ரெண்டு பேரு இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

செவ்வந்திக்கு ஒரு நொடி சுருக்கென்றது. கிடைத்த ஒரே அறை, அதிலும் பங்கா? மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குத் தன்னைவிட முப்பது வருஷம் முன்பே வந்தவள்.

"கேட்டுப் பாக்கறேன்," என்றாள். "காலைல மீனு கலரு காட்டுற நேரம் என்னுது. மத்தியானம் நீங்க வெச்சிக்குங்க."

"மத்தியானம் அதுங்க தூங்குமா?"

"தூங்காது அத்த."

"தூங்கினாலும் பரவால்ல. நான் ஒண்ணும் பேச்சுக் குடுக்கப் போறதில்ல," என்று சொல்லிவிட்டு சாலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். செவ்வந்தி தீவன டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை மெதுவாகச் சாத்தினாள்.