ஆராய்ச்சியா, குலுக்கலா

அறிஞர் சபை ஆளும் அந்த ஊரில் திருட்டு இல்லை, குழாயில் தண்ணீர் நின்றதில்லை, சபை பொய் சொன்னதும் இல்லை. அந்தக் கடைசிச் சங்கதிதான் அன்று பஸ்காரம்மாவைச் சபை அலுவலகம் வரை ஓட வைத்தது.

காலையில் தெருமுனையெல்லாம் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பதினாறு வயதானால் இன்ன தொழில் என்று சபையிலிருந்து கடிதம் வரும் இல்லையா? தங்கள் முடிவு சரிதானா என்று சோதிக்க, முப்பது வருடமாகப் பாதித் தெருக்களுக்குத்தான் ஆராய்ந்து அனுப்பினார்களாம். மீதிப் பாதிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். எந்தத் தெரு எந்தப் பாதி என்பது இன்னும் ஐந்து வருடம் ரகசியம்.

அறிவிப்பைப் படித்த பஸ்காரம்மாவுக்கு ஒரு எழவும் புரியவில்லை. தையல் மிஷின் மேல் உயிராக இருந்தவளை பஸ் ஓட்டச் சொன்னது அவளுக்கு வந்த கடிதம். மூன்று நாள் அழுதாள். நம்மைவிட நம்மைத் தெரிந்தவர்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்துவிட்டாள்.

இப்போது மகளுக்குப் பல் டாக்டர் என்று வந்திருக்கிறது. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பெண், ரொட்டி சுடுவதைத் தவிர வேறு நினைப்பில்லாத பெண். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், கையெழுத்துப் போடுடி" என்று நேற்றுவரை அவளைப் படுத்தி எடுத்ததும் இந்த அம்மாதான். இன்று மாலை ஐந்து மணிக்குள் போட வேண்டும். போடாவிட்டால் சபை எந்த வேலையும் தராது.

மதிய ட்ரிப் முடிந்ததும் யூனிபார்மோடேயே சபை அலுவலகத்துக்குப் போனாள். தொழில் பிரிவின் தலைமை அறிஞருக்கு நாற்பதுகூட இருக்காது. அதிர்ந்து பேசாத மனுஷன்.

"ஐயா, எங்க தெரு எந்தப் பாதி?"

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா சோதனை கெட்டுடும்னு சீல் வச்சிருக்காங்க."

"நான் பஸ் ஓட்டினது ஆராய்ச்சியா, குலுக்கலா?"

"நல்லா ஓட்டுறீங்களா?"

"இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல."

"அப்ப ஆராய்ச்சியா இருக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "குலுக்கலாவும் இருக்கலாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்தவள் போகிற போக்கில் கேட்டு வைத்தாள். "நீங்க எப்படி ஐயா இந்த வேலைக்கு வந்தீங்க?"

"எனக்கும் பதினாறு வயசுல கடிதம் வந்து..."

பேச்சு பாதியில் நின்றது. மனுஷன் பேந்தப் பேந்த விழித்தார். மேசையிலிருந்த முத்திரையை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"எங்க வீடு பூங்கா பக்கத்துத் தெரு" என்றார் மெதுவாக. "அது எந்தப் பாதின்னு வெளியில ஏதாவது பேசிக்கிறாங்களாம்மா?"

கோபம் போய் அவளுக்குப் பாவமாகிவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் மகள் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். மேசையில் கடிதமும் பேனாவும் அப்படியே கிடந்தன. மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அவங்களுக்கும் தெரியலடி. உனக்கு என்ன தோணுது?"

அப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. "எனக்கா?" என்றாள் மகள், நிஜமாகவே குழம்பிப்போய். அதற்குள் ரொட்டி வாசனை தூக்கியது. அவள் ஓடிப்போய்த் தட்டைத் துணியால் பிடித்து எடுத்தாள். சூடு தாங்கவில்லை. "அம்மா, சீக்கிரம் ஏதாவது விரிம்மா."

பஸ்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்கு எட்டியது கடிதம்தான். அதை எடுத்துச் சூட்டுத் தட்டுக்கு அடியில் விரித்தாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.