மேட்டில் நின்றுபோகும் வைப்பர்

"மேட்டுல ஏறும்போது மட்டும் வண்டி ஏன் கண்ணத் தொடைக்க மாட்டேங்குது, சுவக்கீண்ணே?"... ஆறு வயதில் ரத்தினம் கேட்டது, முன்சீட்டில் மண்டியிட்டு, மழைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டது, அதை ஏன் இப்போது நினைக்கிறேன், நினைக்காமல் எப்படி இருப்பது, அதே ஜீப்பின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே தலையை விட்டு நிற்கிறேன், வைப்பருக்குப் போகும் ரப்பர் குழாய்தான் கையில் இருக்கிறது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்குமே தம்பி, அந்த இழுப்பில் ஒரு பங்கை இந்தக் குழாய் வழியாகத் திருடித்தான் வைப்பர் ஆடுகிறது, மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுப்பு செத்துப்போகும், வைப்பரும் நின்றுபோகும் என்று சொல்லியிருக்கலாம். "அதுக்கு மூச்சு வாங்குது தம்பி" என்றுதான் சொன்னேன். உடனே அவன் டாஷ்போர்டைத் தடவிக் கொடுத்தான், மாட்டைத் தடவுவதுபோல. அந்தக் கைதான் முந்தாநாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. எஸ்டேட் பட்டறை ஃபிட்டர் சுவக்கீன், எழுபத்தேழாம் வருஷம் ஜூலை முப்பத்தொன்றோடு வேலை முடிந்தது, எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் அன்றே காலி செய்ய வேண்டும்... இருபத்தாறு வருஷம், நாலு வரி. சின்ன முதலாளி ஏசுரத்தினம் என்று அடியில் டைப் அடித்திருந்தது. ரத்தினம் என்று கூப்பிட இப்போது யாருக்கு வாய் வரும்.

அவர் சீமையிலிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவந்த சாமான் இது, டர்போ என்கிறார், நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு, புகை வெளியே ஓடும் வேகத்தில் சுற்றிக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்குமாம். பீர்மேட்டு ஏற்றத்தில் பஸ்ஸை எல்லாம் முந்த வேண்டும் அவருக்கு. நத்தையைப் பொருத்திவிட்டேன், மூன்று நாள் வேலை, அது ஒன்றும் பெரிதில்லை, இந்தக் குழாய்கள்தான்... இதுவரை இந்த எஞ்சினுக்கு இழுக்க மட்டுமே தெரியும், இனிமேல் மேட்டில் ஊதவும் செய்யும், இழுத்த குழாயிலேயே திருப்பி ஊதும். வைப்பர் குழாயில் ஊதினால் வைப்பர் நிற்கும், போகட்டும், ஆனால் இன்னொரு குழாய் பிரேக்குக்குப் போகிறதே, காலுக்குப் பலம் கொடுக்கும் டப்பா, போன வருஷம் பழைய லாரியிலிருந்து எடுத்து நானே பொருத்தியது, அதற்குள் ஊதினால் ரப்பர் கிழியும். ஏறும்போது கிழிந்தது யாருக்கும் தெரியாது. இறங்கும்போது தெரியும், குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறக்கத்தில், பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் பள்ளம். காற்று எஞ்சினை நோக்கி மட்டும் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது, அதற்கு ஒருவழி வால்வு ஒன்று வேண்டும், பெட்டியில் அது இல்லை. காலையில் அவரிடம் சொன்னேனே, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டுதானே சொன்னேன். "யோவ் சுவக்கீன், சொன்னதச் செய்யும். அந்த வால்வு, இந்த வால்வுன்னு மாசக் கடைசி வரைக்கும் உருட்டலாம்னு பாக்கீரா? நாளைக்கு நான் கோட்டயம் போகணும்." யோவ். பட்டறையில் எல்லார் முன்னாலும்.

சரி, சொன்னதைச் செய்வோம், குழாயைச் செருகுவோம், கிளிப்பை முறுக்குவோம், மூடுவோம்... என் கையில் என்ன பாவம் இருக்கிறது, வால்வு வேண்டும் என்று சொன்னதற்குச் சாட்சி உண்டு. ஆனால் அந்தச் சாட்சிகளுக்குத் தெரியாதது ஒன்று என் சாமான் பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறதே. பித்தளை வால்வு, ஒருவழி, ராணுவ லாரி ஒன்றை உடைத்தபோது கிடைத்தது, இந்த மலையில் எங்கே தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. கம்பம்மெட்டில் ஏலக்காய் ஏற்றும் லாரி வைத்திருக்கிற யாக்கோபுக்கு அது வேண்டும், அவன் வண்டி அது இல்லாமல் நாலு மாதமாக நிற்கிறது. "வால்வோட வாரும், வேல உமக்குத்தான், வீடும் தாரேன்" என்று நேற்றுச் சந்தையில் சொன்னான். வெறுங்கையோடு போனால்? ஐம்பது வயது ஃபிட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டுக்காரி இருதயம்மாள் இப்போதே சட்டி பானையைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள், காலையில் கஞ்சி ஊற்றும்போது, "திங்கக்கிழம போயி அந்த யாக்கோபப் பாத்துட்டு வாங்க, இவுக வண்டி எக்கேடு கெட்டா நமக்கென்ன" என்றாள். அவள் சொன்னது நியாயம். அவளுக்கு அந்தக் கண்ணாடி விஷயம் தெரியாது.

யாருக்குத்தான் தெரியும், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை, எந்தக் கட்டளைக்குக் கீழே அதைச் சொல்வது... ஐம்பத்து நாலாம் வருஷம், இதே மாதிரி ஆடி மழை, இதே ஜீப்பு, வைப்பர் நட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி முன்கண்ணாடியில் அடித்தது, மூலைக்கு மூலை விரிசல். அதற்கு முந்தின மாதம்தான் பெரிய முதலாளி சொல்லியிருந்தார், இனி ஒரு சேதம் வந்தால் மூட்டையைக் கட்டு என்று. இருதயம்மாளுக்கு ஒன்பதாம் மாதம். பானெட்டின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரத்தினம் என்னைப் பார்த்தான், விரிசலைப் பார்த்தான், கீழே குதித்து ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டான். பெரிய முதலாளி வந்து நின்றதும், "நாந்தாம்ப்பா எறிஞ்சேன்" என்றான். பிரம்பு வந்தது, வலது உள்ளங்கையில் ஆறு, நான் எண்ணினேன், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டுதான் நின்றேன். மூன்றாவது அடிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தான். அழவில்லை. எப்பேர்ப்பட்ட பிள்ளை, கர்த்தர் அனுப்பிய பிள்ளை என்று அன்று இரவு ஜெபமாலை சொன்னேன், அவ்வளவுதான் செய்தேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பேசவே இல்லை, நானும் பேசவில்லை, அடுத்த வருஷம் ஊட்டிக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். இப்போது அவருக்கு அது ஞாபகம் இருக்குமா? இருந்தும்தான் அந்த நாலு வரியை எழுதினாரா?

"அண்ணாச்சி, வண்டிக்கு மூக்குல குழாய் சொருகியிருக்கீரு, ஆசுபத்திரிக் கேசு கெணக்கால்லா இருக்கு. பொழைக்குமா?" டிரைவர் சின்னமுத்து, வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். "பொழைக்கும், நீ போயி டீயக் குடி" என்றேன். "அவரு உம்ம சீட்டக் கிழிக்காரு, நீரு அவரு வண்டிக்கு உசுரு குடுக்கீரு. உம்மள மாதிரி நாலு பேரு போதும் அண்ணாச்சி, அவுக பரம்பர தழைக்கும்." சிரித்துக்கொண்டே போனான், அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை, தப்பும் இல்லை. பட்டறையில் நான் மட்டும். மழை. பெட்டியைத் திறந்தபோதும் மனசு இன்னும் முடிவு செய்யவில்லை, கைதான் துணியை அவிழ்த்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், போனது, உறிஞ்சினேன், திரும்பி வரவில்லை, நாக்கில் பித்தளைக் கசப்பு. நத்தையின் சூட்டுக்கு நாலு விரல் தள்ளி, எஞ்சினுக்கும் முன்சீட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓரமாகக் குழாயை ஓட்டினேன், தொய்வு இல்லாமல், சூடு படும் இடத்தில் மட்டும் செம்புக் குழாய். எஞ்சின் பக்கம் முதலில் வால்வு, அதற்குப் பின்னால் ஓட்டை ஸ்டவ் ஒன்றின் பித்தளைத் தொட்டி, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, இழுப்பைச் சேர்த்துவைக்க, அதிலிருந்து ஒன்று பிரேக்குக்கு, ஒன்று வைப்பருக்கு. எஞ்சின் ஊதும்போது வால்வு மூடிக்கொள்ளும், மேடு ஏறி முடியும்வரை தொட்டியில் இருப்பதை வைத்து வைப்பர் ஆடும், இறக்கத்தில் எஞ்சின் தானே நிரப்பிக்கொள்ளும். தொட்டியையும் வால்வையும் பேட்டரித் தட்டுக்குக் கீழே, குனிந்தாலும் தெரியாத இடத்தில் கட்டினேன். இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தொட்டி ஏன் எனக்குத் தோன்றவில்லை, அன்றைக்கே அவனுக்குச் செய்து கொடுத்திருக்கலாமே...

நாலு மணிச் சங்கு ஊதியதும் சின்ன முதலாளி வந்தார், குடையோடு, தனியாக. பிரேக்கை மிதித்துப் பார்த்தார், அமுங்கியது. "முடிஞ்சுதா?" "முடிஞ்சுதுய்யா." "அந்த வால்வு இல்லாம ஓட்டவே முடியாதுன்னீரே?" சொல்லியிருக்கலாம். பெட்டியின் அடியில் இருந்தது, யாக்கோபு கேட்டது, திங்கட்கிழமை நான் வெறுங்கையோடு போகப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம், கடிதம்கூட மாறியிருக்கும், யார் கண்டது. "அது இல்லாமயே சரியாயிட்டுய்யா" என்றேன். பொய். "பாத்தீரா, நான் அப்பவே நெனச்சேன். எல்லாம் வேலைய இழுக்க தந்திரம். இந்தப் புத்தியாலதான்யா நீங்கள்லாம் லயத்துலயே கெடக்கீங்க." நின்று வாங்கிக்கொண்டேன், ஸ்பேனர் கையில் இருந்தது. இப்படித்தான் இருக்குமா, செய்யாததற்கு அடி வாங்குவது? இனிக்கும் என்று நினைத்திருந்தேன், அந்தப் பிள்ளைக்கு அது இனித்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். இனிக்கவில்லையே. மூன்றாவது அடிக்கு அவன் திரும்பிப் பார்த்தானே... நான் வாயைத் திறப்பேன் என்றா பார்த்தான்? ஆறாவது அடிவரைக்கும், அதற்குப் பிறகும், எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தான்? அவர் எடுத்துக்கொண்டு போன ஜீப்பு பங்களா மேட்டில் உறுமிக்கொண்டு ஏறுகிறது, முன்னைவிட வேகமாகத்தான் ஏறுகிறது, வளைவில் திரும்பும்போது கண்ணாடி தெரிகிறது, வைப்பர் நிற்கவில்லை, மேட்டில், மழையில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டே போகிறது, உள்ளே இருப்பவர் அதைப் பார்த்தாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.